மார்ச் 31-ல் கரையாத நிதி

வண்டியூர் அங்கன்வாடிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் காட்சி மதுரைத் தாய்மார்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான். செவிலியர் சிறு பிளாஸ்டிக் கரண்டியில் கோட்டளவுக்கு மஞ்சள் திரவத்தை ஊற்றுவார். அம்மாவோ அப்பத்தாவோ பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இனிப்பாக இருக்கிறதென்று இன்னொரு கரண்டி கேட்கும் பிள்ளையும் உண்டு. வாயை மூடிக்கொண்டு, ஊற்றியதில் பாதியைச் சட்டையில் வழியவிடும் பிள்ளையும் உண்டு. அது வைட்டமின் ஏ திரவம். குழந்தைகளின் பார்வையிழப்பைத் தடுப்பதற்காக 1970-ல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட திட்டம் இன்றும் தொடர்கிறது.

இந்தக் கரண்டிக்குப் பின்னால் மதுரைக்கும் பங்குள்ள ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. வைட்டமின் ஏ கண்ணைக் காப்பதோடு உயிரையும் காக்கிறதா என்ற கேள்வியை, ஆல்ஃபிரட் சோமர் குழுவினர் இந்தோனேசியாவில் நடத்தி 1986-ல் வெளியிட்ட ஆய்வு எழுப்பியது. அதற்கு இங்கே விடை தேடியது மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையிலான குழு. அன்றைய திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளை அவர்கள் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ, கூடவே வைட்டமின் இ. மறு பிரிவுக்கு வைட்டமின் இ மட்டும். உள்ளூர்ச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வாரம் தவறாமல் வீடு வீடாகப் போனார்கள். மருந்தைக் கொடுத்து, காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். முடிவில், வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் குழந்தை இறப்பு மற்றப் பிரிவில் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. 1990-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் அதை வெளியிட்டது.

அதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடத்தி 2013-ல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, பலன் மிகச் சிறியது என்றது. உணவு மாறியிருக்கிறது, தடுப்பூசி பரவியிருக்கிறது, அம்மை குறைந்திருக்கிறது. இந்நிலையில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதே அளவு இன்னும் தேவைதானா என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் வாதிடுகிறார்கள். தேவை என்போரிடமும் நியாயம் இருக்கிறது, மறுபரிசீலனை கேட்போரிடமும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க ஒரே வழி, மீண்டும் வீடு வீடாகப் போய்க் குறித்துக்கொண்டு வருவதுதான். அதற்குப் பணம் வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு அறுபடாமல் வரும் பணம் வேண்டும்.

குழந்தை நோய்களுக்கான ஆராய்ச்சியைச் சட்டத்தின் துணையோடு நிலைப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களின் நோய்க்கு ஆராய்ச்சி தானாக நடந்துவிடுகிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் சந்தை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மருந்து வாங்கக்கூடிய கோடிக்கணக்கானோர் இருப்பதால் நிறுவனங்கள் முதலீடு செய்கின்றன. குழந்தை நோய்களில் பலவற்றுக்கு அப்படிப்பட்ட சந்தை கிடையாது. ஒன்று, நோய் அரிதாக இருக்கும். அல்லது நோயுற்ற வீடு ஏழை வீடாக இருக்கும். காசநோயையே பாருங்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில், தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரை உலக அளவில் அறிமுகமானது 2015-ன் இறுதியில்தான். அதுவரை பெரியவர்களின் மாத்திரையை உடைத்து, கசப்பு தெரியாமல் எதிலாவது குழைத்து, உத்தேசமான அளவில் ஊட்டிக்கொண்டிருந்தது உலகம்.

நம் நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது? 1911-ல் தொடங்கிய நிதிச் சங்கமொன்று 1949-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறி இன்றளவும் இயங்குகிறது. சுகாதார அமைச்சகத்துக்குள் சுகாதார ஆராய்ச்சித் துறை என்று தனித்துறையே உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 99,859 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சித் துறையின் பங்கு சுமார் 3,900 கோடி, அதாவது ரூபாய்க்கு நாலு காசு. அந்த நாலு காசில்தான் முதியோர் நோய், தொற்றுநோய், புற்றுநோய், குழந்தை நோய் எல்லாம் அடக்கம். 2023-ல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து என்பது அதன் இலக்கு. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் அதில் குழந்தைகளுக்கென்று ஒரு பங்கு எழுதப்படவில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. மூளைப் புற்றுநோயோடு போராடி 2013-ல் பத்து வயதில் இறந்த கேப்ரியெல்லா மில்லர் என்ற சிறுமியின் பெயரால், 2014 ஏப்ரலில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதிபர் தேர்தலையொட்டி நடக்கும் கட்சி மாநாடுகளுக்குப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவந்த தொகையை நிறுத்தி, அதைக் குழந்தை நோய் ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். ஆண்டுக்கு 1.26 கோடி டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர். எதற்கும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் இதில் ஒத்துப்போயின. (மாநாடுகள் மதுரைக்குப் புதிதல்ல. கடந்த சில ஆண்டுகளில் பெரிய கட்சிகள் பலவும் இங்கே பந்தல் போட்டுவிட்டன. ஆனால் நம் ஊரில் மாநாட்டுச் செலவு கட்சிகளுடையது, கருவூலத்தினுடையது அல்ல. எனவே அந்த வழி நமக்கு அப்படியே பொருந்தாது.)

அந்தச் சட்டத்துக்கும் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் தொகை மிகச் சிறியது என்றார்கள். சட்டம் அனுமதிதான் தருகிறது, பணத்தை ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனாலும் குழந்தைப் புற்றுநோய்களையும் பிறவிக் குறைபாடுகளையும் மரபணு அளவில் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்று அந்தப் பணத்தில் உருவானது. ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அதைப் பயன்படுத்தலாம்.

சட்டம் வந்தால் பணம் வந்துவிடும் என்று நம்புவோருக்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. 1986-ல் ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கென்றே ஒரு செஸ் சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து தொழில்நுட்பம் வாங்கும் நிறுவனங்கள் செலுத்தும் தொகைமீது 5 விழுக்காடு வசூலித்து, உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை வளர்க்க வேண்டும் என்பது நோக்கம். வசூல் நன்றாகவே நடந்தது. ஆனால் வசூலானதில் பத்தில் ஒரு பங்குகூட உரிய நோக்கத்துக்குப் போய்ச்சேரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் பின்னாளில் சுட்டிக்காட்டினார். 2017-ல் அந்த செஸ்ஸே கைவிடப்பட்டது. யாரும் திருடிவிடவில்லை. பணம் பொதுக் கருவூலத்துக்குள் போனது. அங்கிருந்து வெளியே வரும் வழியைச் சட்டம் இறுக்கமாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

நிதித்துறை அதிகாரிகளின் தயக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் தனிச் சட்டம், தனி நிதியம் என்று போனால், வெள்ளமோ கொள்ளைநோயோ வரும்போது அரசின் கை கட்டப்பட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். தனி நிதியங்களில் பணம் தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்துத் துறை கடன் வாங்கிய கதைகளும் அவர்களிடம் உண்டு. இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் 2021-ல் மத்திய அரசே, சுகாதார, கல்வி செஸ்ஸில் சுகாதாரத்துக்கான பங்கைப் போட்டுவைக்கக் காலாவதியாகாத நிதியம் ஒன்றை அமைத்தது. ஆக, மார்ச் 31-ஐத் தாண்டும் பணம் என்பது நம் நிர்வாகத்துக்குத் தெரியாத வித்தையல்ல.

மார்ச் 31 என்பது ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியும் தேதி. ஆண்டின் கடைசிக் காலாண்டில் பணம் வரும். அதற்குள் டெண்டர் விட்டு, வாங்கி, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் மிச்சம் திரும்பிப் போகும். குழந்தையின் நோயோ நிதியாண்டு பார்த்து நடப்பதில்லை. ஒரு தடுப்பு மருந்தின் வரலாறு இதற்குச் சாட்சி. குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸின் வீரியமற்ற வகையொன்றை, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் 1980-களின் நடுவில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்டார்கள். அதிலிருந்து பிறந்த ரோட்டாவாக் மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டு அறிமுகமானது 2015 மார்ச்சில். தமிழகக் குழந்தைகளுக்கு 2017-ல் கிடைத்தது. முப்பது ஆண்டு உழைப்பு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, ஹைதராபாத் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., வெளிநாட்டு அறக்கட்டளைகள் என்று பல கைகள் மாறி மாறித் தாங்கியதால்தான் அது கரையேறியது. ஒரு டோஸ் ஒரு டாலருக்குத் தருவோம் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். பொதுப்பணம் கலந்த ஆராய்ச்சிக்கு விலை நிபந்தனை விதிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி, இந்த விவாதத்தின் கடினமான பகுதி. பணம் கொஞ்சம்தான் என்றால் எந்த நோய்க்கு? ஒரு சாரார் அரிய நோய்களைச் சுட்டுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு வேண்டுகோள் வந்தது நினைவிருக்கும். எஸ்.எம்.ஏ. என்ற தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய், ஒரே ஊசி, விலை 16 கோடி ரூபாய். அறிமுகமில்லாத குழந்தைக்காக 100 ரூபாய், 500 ரூபாய் என்று அனுப்பிய ஆட்டோ ஓட்டுநர்களும் கல்லூரி மாணவர்களும் தமிழகமெங்கும் இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கை முதலில் 20 லட்சம் ரூபாய் வரை உதவும் என்றது. 2022 மே மாதம் அது 50 லட்சமாக உயர்ந்தது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல நிறுவனம் உள்பட சில மருத்துவமனைகள் உயர் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டன. வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படும் குழந்தைக்கு 50 லட்சம் தீர்ந்தபின் என்ன என்ற கேள்வியோடு பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 2024 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம், அரிய நோய்களுக்கென்று தேசிய நிதியம் அமைத்து இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ஒதுக்கச் சொன்னது. இந்தப் பணம் மருந்து வாங்க. ஆராய்ச்சிக்கு அல்ல.

எதிர்த்தரப்பு கேட்பதும் மனசாட்சியுள்ள கேள்விதான். ஒரு குழந்தையின் ஒரு ஊசிக்கு ஆகும் செலவில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக் கருவிகள் வாங்கலாம்? இரத்தசோகையும் எடைக்குறைவும் இன்னும் தீராத நாட்டில் மரபணு ஆராய்ச்சி ஆடம்பரமில்லையா? தமிழகத்தின் சிசு இறப்பு விகிதம் 2020-ல் ஆயிரத்துக்கு 13; அகில இந்திய அளவு 28. இந்த வித்தியாசம் தாய்சேய் நலச் செவிலியர்களாலும் சத்துணவாலும் தடுப்பூசியாலும் வந்தது, சோதனைக்கூடத்தால் அல்ல என்பார்கள்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதில்தான் சிக்கல் இருக்கிறதென்று நினைக்கிறோம். விலையுயர்ந்த மருந்தின் விலையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று, அதை இங்கேயே ஆராய்ந்து செய்யும் திறன். எஸ்.எம்.ஏ. நோய்க்கு வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்லாம் மருந்தின் ஒரு பாட்டில் சுமார் 6.2 லட்சம் ரூபாய்க்கு விற்றது. காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தபின், நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. கண்டுபிடித்த நிறுவனத்தின் தரப்பும் கேட்கத் தக்கதே: தோற்றுப்போன பல முயற்சிகளின் செலவையும் ஒரு வெற்றிதான் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மருந்தின் தொடக்க ஆராய்ச்சியிலேயே நோயுற்ற குழந்தையின் பெற்றோர் அமெரிக்காவில் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று பங்காளியாக இருந்தது. இலாப நோக்கமில்லாத பணம் ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தால், விலை பேசும் மேசையில் அதற்கும் ஓர் இருக்கை கேட்கலாம்.

நம் மண்ணுக்கேயுரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 28 விழுக்காட்டுத் திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்துக் கட்டிக்கொடுப்பது தென்மாவட்டங்களில் பாசத்தின், பாதுகாப்பின் ஏற்பாடு. அதைக் குற்றமாகப் பேசுவது எந்தப் பயனும் தராது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுகிறது. எந்தெந்தக் குறைகள் நம்மிடையே அதிகம், எதைப் பிறந்த வாரத்திலேயே ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டுபிடிக்கலாம் என்பதை பாஸ்டனிலோ பாரிஸிலோ இருப்பவர் நமக்காக ஆராய்ந்து தரப்போவதில்லை.

சாதாரண நோய்களின் ஆராய்ச்சிக்கும் மதுரை அந்நியமல்ல. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அறியப்பட்டது 1955-ல், நம் வட ஆற்காட்டுப் பகுதியில். பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கி, பிழைத்தவர்களிலும் பலரை வாழ்நாள் முழுக்க முடக்கும் நோய் இது. நெல்வயலில் பெருகும் கொசு இதைப் பரப்புகிறது. சின்னச் சொக்கிகுளத்தில் 1985 முதல் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் மையத்தின் ஆய்வாளர்கள் வயலில் இறங்கி வேலை செய்தார்கள். தண்ணீரைத் தேக்கியே வைக்காமல் விட்டுவிட்டுப் பாய்ச்சிப் பார்த்தார்கள். யூரியாவில் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போட்டுப் பார்த்தார்கள். வாரந்தோறும் அகப்பையில் வயல் தண்ணீரை மொண்டு புழுக்களை எண்ணினார்கள். வேம்பு போட்ட வயல்களில் கொசுப்புழு வெகுவாகக் குறைந்தது. முறைப்பாய்ச்சலிலோ, மடைத் தண்ணீர் ஒவ்வொரு விவசாயியின் கையிலும் இல்லாததால் நடைமுறைச் சிரமங்கள் தெரியவந்தன. குழந்தையின் மூளையைக் காக்கும் ஆராய்ச்சி பாசனத் துறையின் மடை திறக்கும் அட்டவணை வரை போகிறது என்பதை அந்த வேலை காட்டியது. அந்த மையம் இன்று புதுச்சேரி நிறுவனத்தின் கள நிலையமாகத் தொடர்கிறது.

காசநோயிலும் அப்படித்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்க, இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளிலும் 1,204 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கடுமையற்ற காசநோய்க்கு ஆறு மாத மருந்து வேண்டியதில்லை, நான்கு மாதம் போதும் என்று 2022-ல் தெரியவந்தது. இரண்டு மாதம் குறைவது என்றால் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு எத்தனை நாள் சம்பளம் மிச்சம் என்பதை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டால் உடனே கணக்குச் சொல்வார்கள். அந்த ஆய்வுக்கான பணத்தில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் வெளிநாட்டு உதவி எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதை 2025-ல் அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் மூடப்பட்டபோது உலகம் பார்த்தது.

எனவே நாம் வைக்கும் யோசனை நடுவழியானது. புதிய வரி வேண்டாம், பெரிய புதிய வாரியமும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் 2023 ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும்: குழந்தை நோய்களுக்கென்று ஒரு குறிப்பிட்ட பங்கு, பத்து ஆண்டுகளுக்கு, நிதியாண்டு முடிவில் காலாவதியாகாமல். செஸ் சட்டத்தில் விட்டுப்போனதை இதில் எழுதிவிட வேண்டும். பணம் எந்தத் தேதிக்குள் நிதியத்தில் வரவு வைக்கப்பட வேண்டும், வைக்காவிட்டால் யார் நாடாளுமன்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது வரை. பத்தாண்டு முடிவில் பயன் இல்லையென்றால் தானாகவே முடிந்துபோகும் ஷரத்தும் இருக்கட்டும். நிதித்துறையின் கவலைக்கு அது நியாயமான பதில். பொதுவான நோய், அரிய நோய் என்ற விகிதத்தைச் சட்டத்தில் கல்வெட்டாக்க வேண்டாம். எங்களைக் கேட்டால் பெரும்பங்கு குறைமாதப் பிறப்பு, நிமோனியா, காசநோய், இரத்தசோகை போன்றவற்றுக்கே போக வேண்டும் என்போம். ஆனால் அரிய நோய்களுக்கு ஒரு குறைந்தபட்சம் உறுதியாக இருக்க வேண்டும்; ஏனென்றால் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எந்த ஓட்டெடுப்பிலும் வெல்லப்போவதில்லை.

பெற்றோரின் பயத்தைத் தாண்டாமல் இது எதுவும் நடக்காது. 'எங்க பிள்ளைய வச்சு சோதனை பண்றீங்களா?' என்று கேட்கும் தாயை அறியாமையுள்ளவர் என்று ஒதுக்குவது தவறு. ஆந்திரத்திலும் குஜராத்திலும் பள்ளிச் சிறுமிகளிடம் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம், ஒப்புதல் பெற்ற விதத்தில் கேள்விகள் எழுந்து 2010-ல் நிறுத்தப்பட்டது. பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டதை நாடாளுமன்றக் குழு கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான். அதைக் கொண்டுசென்ற முறை நம்பிக்கையைக் கெடுத்தது. 2019-ன் புதிய மருந்துச் சோதனை விதிகள் இழப்பீட்டையும் நெறிமுறைக் குழுவையும் இறுக்கியிருக்கின்றன. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் பெற்றோரின் கையெழுத்தோடு அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். இந்த விதிகள் நல்ல தமிழில், மருத்துவமனைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் பாதி பயம் குறையும். ஆய்வு முடிந்ததும் முடிவு என்னவென்று பங்கேற்ற வீட்டுக்கே வந்து சொல்ல வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். பல ஆய்வுகளில் அந்தக் கடைசி வேலைதான் விட்டுப்போகிறது.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வண்டியூர் வந்து சேர்வதற்குள் எத்தனை மண்டகப்படிகள்! ஒரு தெரு, ஒரு சமூகம், ஒரு வியாபாரச் சங்கம் என்று ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்கிறார்கள். பந்தலும் மோரும் பானகமும் அவரவர் பொறுப்பு. முழு விழாவையும் யாரும் ஒற்றை ஆளாகச் சுமப்பதில்லை. ஆராய்ச்சிக்கும் மதுரை அப்படிப் பங்குபோட்டுக்கொள்ள முடியும்.

நிறுவனச் சட்டம் 2013-ன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்குத் தருவதும் அந்தப் பட்டியலில் உண்டு. பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு என்பதால் பலரும் அந்தப் பக்கம் போவதில்லை. மதுரையின் தொழில் வர்த்தகச் சங்கங்கள் மூன்று நான்கு நிறுவனங்களைச் சேர்த்து, ஒரே ஆய்வுக்குப் பத்தாண்டு வாக்குறுதி தரச் செய்தால் அது பத்து மருத்துவ முகாம்களைவிட நீடித்துப் பயன்தரும். முகாம்கள் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல.

மருத்துவர்கள் தரப்பில் வேறு தேவை. 1954-ல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த ராஜாஜி மருத்துவமனையும் பார்க்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பொறாமைப்படும் அளவு. அங்கிருக்கும் மருத்துவருக்கு இல்லாதது நேரம். காலையில் வெளிநோயாளர், பகலில் வார்டு, மாலையில் வகுப்பு. வாரத்தில் ஒரு நாளை ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, அந்த நாளுக்கு மாற்று மருத்துவரை நியமிக்கும் செலவை நிதியம் ஏற்றால், விலையுயர்ந்த கருவி வாங்குவதைவிட அதிகம் நடக்கும். நகரத்தின் தனியார் மருத்துவமனைகளும் தங்களிடம் வரும் குழந்தைப் புற்றுநோய், பிறவிக் குறைபாடுகளின் விவரங்களை அடையாளம் நீக்கி ஒரே பதிவேட்டில் சேர்க்கலாம். போட்டி நோயாளிகளுக்காக இருக்கட்டும், தரவுக்காக வேண்டாம்.

இத்தகைய ஆராய்ச்சி என்ன செய்யும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று ஒன்று. அலைபேசியின் ஃபிளாஷில் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது; சீக்கிரம் கண்டால் உயிரும் பல சமயம் கண்ணும் பிழைக்கும். அண்ணா நகரில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இதற்குக் காரணமான ஆர்.பி.1 மரபணுவை ஆராய்ந்து வருகிறது. மூத்த பிள்ளைக்கு நோய் இருந்த வீட்டில், அடுத்த பிள்ளைக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதைப் பிறந்தவுடன் சொல்லிவிட முடிகிறது. இல்லை என்று தெரிந்த குழந்தைக்கு, மயக்கமருந்து கொடுத்து மாதாமாதம் கண்ணைச் சோதிக்கும் வேதனை மிச்சமாகிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடத்திலிருந்து இந்த ஆராய்ச்சி வளர்ந்தது. அரசு, தனியார் அறக்கட்டளை, நோயாளிக் குடும்பங்கள் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

தென்மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெவ்வேறு கட்சிகளில் இருக்கிறார்கள். இந்தத் திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாக யாரேனும் ஒருவர் கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பின் அப்படி வந்து சட்டமானவை 14 மட்டுமே, கடைசியானது 1970-ல் என்பது நமக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மசோதா அறிமுகமானால் அமைச்சகம் பதில் சொல்ல வேண்டிவரும், குழந்தை நோய் ஆராய்ச்சிக்கு மட்டும் எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு அவைக் குறிப்பில் ஏறும். அதற்குமுன் செய்யக்கூடிய சிறு வேலையும் உண்டு. பட்ஜெட்டுக்கு முன்பாக நிதி அமைச்சகம் ஆண்டுதோறும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. மதுரையின் குழந்தை மருத்துவர் சங்கமும் வர்த்தகச் சங்கமும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் ஒரே பக்கத்தில், ஒரே கோரிக்கையாகக் கையெழுத்திட்டு இந்த முறை அனுப்பலாம். வண்டியூர்ப் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தின் பொருளில் இதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.